வயலட் அன்ரியை நிறுத்தியவள்

"எழுதிக்கொள்ளுங்க சேர்! இந்தப் புள்ள என்னை நிப்பாட்டி வச்சிருக்கு!"

வயலட் அன்ரி மேசையில் அறைந்த அறையில் யோகராசாவின் தேநீர் தளும்பியது. கொழும்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் அவர். இந்தத் தொண்டு நிறுவனம் தன் தொண்டர்களை எப்படி நடத்துகிறது என்று பார்த்து, தரச் சான்றிதழ் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்ல வேண்டியவர்.

தொண்டர்களுக்குப் பொறுப்பான வதனி எதிரே அசையாமல் நின்றாள். சான்றிதழ் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் வெளிநாட்டு உதவி இல்லை. சண்டை முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கிடக்கும் சனங்களுக்குச் சோறு போடும் அடுப்பு அணைந்துவிடும்.

"சுனாமியண்டு கல்லடிக் கரையில பிரேதம் தூக்கின கை சேர் இது. சண்டையில செல் குண்டு விழேக்கயும் சமைச்சுக் குடுத்தன். என்னைப் போய் மூணு மாசம் வீட்ட இரிக்கச் சொல்றா!"

"அப்பிடி என்னம்மா செய்தீங்க?"

"கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு புள்ளத்தாச்சி வலியில துடிக்கிறாளெண்டு சேதி வந்திச்சு. அடைமழை. வாவி பொங்கிக் கிடந்திச்சு. நான் ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கல்ல. தோணிய எடுத்துக்கொண்டு தனியப் போய் ஏத்தி வந்தன். தாயும் புள்ளயும் சுகமா இரிக்காங்க. அதுக்குத்தான் இந்தத் தண்டனை!"

கதவைப் படாரென்று சாத்திவிட்டு வயலட் அன்ரி போய்விட்டார்.

யோகராசா கண்ணாடியைக் கழற்றினார். "அவ சொன்னது உண்மையா?"

"முழுக்க உண்மை சேர்."

"ரெண்டு உயிரைக் காப்பாத்தின ஆளையா நிப்பாட்டினீங்க?"

"ஓம். தனியப் போகக்கூடாது, சொல்லாமப் போகக்கூடாது. இஞ்ச தொண்டர் எல்லாருக்கும் அதுதான் சட்டம்."

"அவ ஆரெண்டு தெரிஞ்சுதான் செய்தீங்களா?"

"நல்லாத் தெரிஞ்சுதான் செய்தன்."

அவர் பேனையை மூடினார். "இப்பவே கூப்பிட்டுத் திரும்பச் சேத்துக்கொள்ளுங்க. இந்த முறைப்பாட்டை நான் எழுதாம விடுறன்."

"எழுதுங்க சேர்." வதனி அவர் மூடிய பேனையை அவர் பக்கமே தள்ளினாள். "என்ட அண்ணன் ரதீஸும் இஞ்ச தொண்டராத்தான் இருந்தவர். சண்டைக்குள்ள ஒருத்தருக்கும் சொல்லாம அரிசி மூட்டையோட வெளிக்கிட்டவர். மாங்கேணிப் பக்கம் கண்டதா நாலு நாள் போய் மறுகாத்தான் ஆரோ சொன்னாங்க. எந்தப் பாதையால போனாரெண்டு தெரிஞ்சிருந்தா அண்டைக்கே தேடியிருப்பம். அம்மா இன்னும் தேடுறா. நல்லது செய்யப் போற ஆக்களும் வீடு வந்து சேரோணும் சேர். நீங்க சான்றிதழ் தராட்டிப் போகுது. ஊர் ஊராக் கையேந்தியாவது அடுப்பெரிப்பம். ஆனா வயலட் அன்ரிக்குக் குடுத்த மூணு மாசத் தவணையில ஒரு நாளும் குறைக்க மாட்டன்."

யோகராசா பேனையைத் திறந்து நெடுநேரம் எதையோ எழுதினார். எழுந்து வாகனத்தில் ஏறிப் போனார். அத்தனை சனத்தின் சோற்றிலும் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமோ என்று அதன் பிறகுதான் வதனி பயந்தாள். ஆனாலும் வயலட் அன்ரியைக் கூப்பிட அவள் ஆளனுப்பவில்லை.

அடுத்த மாதம் மட்டக்களப்பு நகர மண்டபம் நிறைந்திருந்தது. தொண்டர்களை நடத்தும் முறைக்கான தரச் சான்றிதழ் அவர்களுக்குத்தான் என்று யோகராசா மேடையில் அறிவித்தபோது வதனியால் நம்பவே முடியவில்லை.

"அதைப் பெற்றுக்கொள்ள," அவர் ஒலிவாங்கியில் தொடர்ந்தார், "சுனாமிக்கு மறுநாள் தன் வீட்டு முற்றத்தில் இந்த நிறுவனத்தை ஆரம்பித்து, இன்றுவரை அதன் தலைவராக இருக்கும் திருமதி வயலட் அவர்களை அழைக்கிறேன்!"

கடைசி வரிசையில் இருந்த வயலட் அன்ரி இடத்தைவிட்டு எழும்பவில்லை.

"எனக்கு இன்னும் தவணை முடியல்ல!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினார். "நிப்பாட்டி வச்ச ஆள் மேடையேற ஏலா. வதனி, நீ போய் வாங்கு!"