பத்தாவது ஆள்

"ஒம்பது பேருதான் இருக்காங்க சார். பத்தாவது ஆள் வந்தாத்தான் குப்பியை உடைப்பேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பொற்கொடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றேகால்.

சிவசங்கர் மைக்கை வாயிலிருந்து எடுத்தார். பதினொன்றரையிலிருந்து அது அங்கேதான் இருந்தது. நிலக்கரி மைன்ஸில் அவர் பெரிய அதிகாரி. டவுன்ஷிப்பில் பிளாக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். கொரோனா வந்த நாளிலிருந்து மைக்கும் அவருமாக வாழ்ந்துகொண்டிருந்தார்.

"ஒரு ஆளுக்காக ஒன்பது பேரைத் திருப்பி அனுப்புவியாம்மா?"

"ஒரு குப்பியில பத்து டோஸ் சார். உடைச்சா நாலு மணி நேரத்துல தீர்த்துடணும், இல்லைன்னா கொட்டணும். நீங்களே இப்பத்தான் மைக்ல சொன்னீங்க. ரெண்டு மணிக்கு நான் கிளம்பணும்."

சொன்னது உண்மைதான். அவர் பேசியதில் ஒரு சொல் தப்பில்லை. ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், பயம் வேண்டாம், சர்க்கரை உள்ளவர்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும், வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, வதந்தியை நம்பாதீர்கள். எல்லாம் பொற்கொடி எழுதிக்கொடுத்த தாளில் இருந்தது. வரிக்கு வரி தன் பெயரைச் சேர்த்தது மட்டும் அவருடைய பங்களிப்பு.

சமுதாயக் கூடத்து வாசலை அடைத்துக்கொண்டு, இருபக்கமும் அச்சடித்த ஃப்ளெக்ஸ் நின்றது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்ட சிவசங்கர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, பொற்கொடி அவர் தோளருகே ஊசியைப் பிடித்திருந்தாள். 'நான் போட்டுக்கொண்டேன். நீங்கள்?' என்று கேள்வி. முகாம் நடக்கும் இடமும் நேரமும் கீழே, குத்துக்காலிட்டுப் படிக்க வேண்டிய அளவில்.

அப்படியும் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில் மாஸ்க் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொற்கொடியின் நோட்டில் இன்னும் ஒரு பெயரும் ஏறவில்லை. மேசை மேல் சிவசங்கரின் மனைவி வளர்மதி கொடுத்தனுப்பிய டப்பாவில் பத்து வடை. "இருநூறு பேர் வருவாங்கடி, பத்து வடை எந்த மூலைக்கு?" என்று காலையில் அவர் சத்தம் போட்டிருந்தார். அவள் மூடியை அழுத்தி மூடினாள்.

சிவசங்கர் போனை எடுத்தார். ஒருவர் ஷிப்டில் இருந்தார். ஒருவர் போன மாதமே போட்டுக்கொண்டாராம். இன்னொருவர், "நீங்க பேசினது வீட்டு வரைக்கும் கேட்டுச்சு சார், அருமை" என்று சொல்லி வைத்துவிட்டார். கடலூரிலிருந்து மாவட்டச் சுகாதார அதிகாரி எத்தனை ஊசி என்று கேட்பாரே. ஒன்றுகூட இல்லை என்று எப்படிச் சொல்வது?

"சிஸ்டர், ஒரு சந்தேகங்க" என்றார் கலியமூர்த்தி. ஒன்பது பேரில் முன்னால் இருந்தவர். வெகுநேரமாக வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் படத்துல ஊசிக்கு மூடி கழட்டலையே. பர்மனென்ட்டுக்கெல்லாம் மூடியோடதான் போடுவாங்களா?"

எட்டுத் தலைகள் ஃப்ளெக்ஸ் பக்கம் திரும்பின. பதினைந்தடி உயரப் படம். மூடியே ஒரு முழம் இருந்தது.

"அது... போட்டோவுக்காக" என்றார் சிவசங்கர்.

"சுகர் ஏறியிருக்கு, நாளைக்கு வந்து போட்டுக்கறேன்னு போட்டோ எடுத்த அன்னைக்குச் சொன்னீங்க சார்" என்றாள் பொற்கொடி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நாளைக்கு நாளைக்குன்னு ரெண்டு மாசம் ஓடிடுச்சு."

"சாருக்கு ஊசின்னா பயம் போலக்குது" என்றாள் பின்வரிசையில் வள்ளியம்மாள். "கண்ண மூடிக்கினு இருந்தா எறும்பு கடிச்ச மாதிரிதாங்க. சாரே மைக்ல சொன்னாரே."

"எனக்கென்ன பயம்?" சிவசங்கர் நெற்றியைத் துடைத்தார்.

"பயமில்லைன்னா பத்தாவது ஆள் கெடைச்சாச்சு" என்றார் கலியமூர்த்தி. "நீங்க ஒரு ஆள் கை காட்டினா நாங்க ஒம்பது பேரும் வூடு போய்ச் சேருவோம் சார்."

மணி ஒன்று ஐம்பது. பையில் போன் அதிர்ந்தது. கடலூர். சிவசங்கர் மைக்கைக் கையில் எடுத்தார். அது இல்லாமல் அவரால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

"அன்பார்ந்த தொழிலாளர் பெருமக்களே, உங்கள் ஒன்பது பேருக்காக, உங்கள் குடும்பங்களுக்காக, இந்தச் சிவசங்கர் எந்தத் தியாகத்துக்கும்..."

"கைய லூசா விடுங்க சார்" என்றாள் பொற்கொடி.

கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஐஸ் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. தோளில் சில்லென்று பஞ்சு பட்டது. பற்களைக் கடித்தார்.

"ஏம்மா, இன்னும் போடலையா?"

"போட்டு முடிச்சாச்சு சார். அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்க. காய்ச்சல் வந்தாலும் வரலாம், வதந்தியை நம்பாதீங்க."

நோட்டில் முதல் பெயராகச் சிவசங்கரின் பெயர் ஏறியது. அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். உயிர் இருந்தது. கடலூருக்குப் பத்து என்று சொல்லிவிடலாம். நிமிர்ந்து பார்த்தால் பொற்கொடி ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். ஒன்பது பேரும் எழுந்து வடை டப்பாவைச் சுற்றி நின்றார்கள்.

"எங்கே கிளம்பறீங்க? உட்காருங்க. இனிமே உங்க முறைதான்."

"எங்களுக்கெல்லாம் போன மாசமே போட்டாச்சு சார்" என்றார் கலியமூர்த்தி, சிவசங்கருக்கென்று ஒரு வடையைக் காகிதத்தில் வைத்து நீட்டியபடி. "காலையில பத்து மணிக்கு எங்க காலனியில உடைச்ச குப்பியில ஒரே ஒரு டோஸ் மிச்சம். ரெண்டு மணி வரைக்கும் சும்மா வந்து உட்காந்துகினு இருங்க, ஆளுக்கொரு வடைன்னு உங்க வூட்டம்மாதான் சொன்னாங்க."