உளியின் கழுத்தில் ஒரு பள்ளம்

மரச்செதுக்குப் பட்டறையை விற்றுவிட்ட முதலாளி கிருபாநிதி, பிடியில்லாத பழைய உளிகளை மேசைமேல் பரப்பினார். பழைய கருவிகள் வாங்குகிற வெளியூர்க்காரர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகம்போல் வளைந்த வாய்களைப் பெருவிரலால் தடவி, நல்ல எஃகு என்றார். பிறகு ஓரிடத்தில் விரல் நின்றது.

"எல்லாத்துலயும் கழுத்துல ஒரே மாதிரி பள்ளம் இருக்கே. எந்தக் கம்பெனி முத்திரை இது? முத்திரைன்னா விலை கூடுமே."

"அந்தக் காலத்துக் கம்பெனி முத்திரைதாங்க," என்றார் முதலாளி, கொஞ்சமும் கூசாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பட்டறையில் உளியின் இரும்பு மட்டும்தான் முதலாளியுடையது. பிடியை அவரவர் கைக்கு ஏற்றபடி நாங்களே செதுக்கிப் போட்டுக்கொள்வோம். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவர் யாரிடம் சொன்னாலும், அந்த ஆள் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் போவார்.

"லூர்து, உன் கையில இருக்கறதையும் குடும்மா. பிடியோட நல்ல விலை போகும்."

உளியை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினேன். இரும்பும் பிடியும் சேருமிடத்தில் சுத்தியலை ஓங்கிப் போட்டேன். பிடி கழன்று என் கைக்கு வந்தது. இரும்பை மேசைமேல் மற்றவற்றோடு எறிந்தேன். வெளியூர்க்காரர் குனிந்து பார்த்தார். அதன் கழுத்தில் அதே பள்ளம், புதிதாகப் பளபளத்தது.

"முத்திரை கேட்டீங்களே சார், இது என்னோடது. மத்ததெல்லாம் யார் யாரோடதுன்னு இவரையே கேளுங்க."