சல்லடை சார்

“கார்டெல்லாம் யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம் மேடம். உங்களை எப்படி நம்புறது?”

வந்தவளை உட்காரக்கூடச் சொல்லாமல் கேட்டான் அவன். அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் இணையதளம் அவன் பொறுப்பு. பெற்ற தாய் போன் செய்தாலும் “யார் பேசுறது?” என்று இரண்டு தடவை கேட்கிற ஆசாமி. அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் சல்லடை.

“வாசல்லயே நிக்க வெச்சு விசாரிக்கணுமா சார்?” என்றாள் வரவேற்பில் இருந்த பெண். “சைட்டைச் சோதிக்க ஆள் வரும்னு டைரக்டர்தான் சொன்னாரே. இவங்க நேத்துகூடப் போன் பண்ணி, எப்ப வரலாம்னு கேட்டாங்க.”

“ஆள் வரும்னு சொன்னார். இவங்கதான்னு சொன்னாரா?”

வந்தவளுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தாள். “சந்தேகப்படுறது நல்ல பழக்கம் சார். எங்க ஆபீசுக்கே போன் போட்டுக் கேட்டுக்குங்க.”

கேட்டே விட்டான். கார்டில் இருந்த நம்பரை அழுத்தினான். கரகரத்த ஆண் குரல் ஒன்று கம்பெனியின் பெயரைச் சொன்னது. “கண்ணாடி போட்ட மேடம்தானே? எங்க ஆள்தான் சார். எந்த சைட்டா இருந்தாலும் ஓட்டையைக் கண்டுபிடிச்சிடுவாங்க” என்றது.

சல்லடை அரை மனதாகத் தன் அறைக் கதவைத் திறந்துவிட்டான். அவள் தன்னுடைய லேப்டாப்பை விரித்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் விரல்களையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தான்.

“ஒருத்தர் தன்னோட ரிப்போர்ட் வந்தாச்சான்னு பாக்கணும்னா என்ன செய்யணும் சார்?”

“போன் நம்பரை அடிக்கணும். அந்தக் கட்டத்துல நம்பரைத் தவிர வேற ஒண்ணும் ஏறாது. ஒரே ஒரு எழுத்து அடிச்சாலும் சிவப்பாகிக் கத்தும். நானே எழுதினது!”

“அந்தச் சோதனை எங்க நடக்குது? உங்க சர்வர்லயா, வர்றவங்களோட கம்ப்யூட்டர்லயா?”

“அவங்க கம்ப்யூட்டர்லதான். அதைத் தாண்டினாத்தானே இங்க வர முடியும்?”

அவள் தன் லேப்டாப்பில் அந்தச் சிவப்புக் கத்தலை நிறுத்தினாள். நம்பர் போட வேண்டிய கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியும் சின்னதாக ஒரு கட்டளையும் எழுதித் தட்டினாள். திரையில் பெயர்கள் கடகடவென்று ஓட ஆரம்பித்தன. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் என்ன பரிசோதனை என்பதும் இருந்தது.

சல்லடை திரைக்கு அருகே குனிந்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவன் தங்கையின் பெயர். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவள். “உன்னை நம்பித்தாண்ணா இங்க வந்தேன். வெளியே தெரிஞ்சா என் வாழ்க்கையே போச்சு” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். முடிவு நல்லபடியாக வரவில்லை என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

“மூடுங்க மேடம், மூடுங்க! நல்லவேளை, முடிவெல்லாம் இதுல வராது. அது என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் திறக்கும்.”

“பதறாதீங்க சார். வர்றவனைச் சோதிக்கிற வேலையை வர்றவன் கையிலயே குடுத்துட்டீங்க. நான் நல்லவன்னு அவனே எழுதி எடுத்துட்டு வர்றான். நீங்க கதவைத் திறந்து விடுறீங்க.”

சல்லடை தலையில் அடித்துக்கொண்டான். “இதுகூடவா எனக்குத் தோணாமப் போச்சு!”

“ரொம்ப உஷாரா இருக்கிறவங்கதான் இதுல மாட்டுவாங்க. சோதனையை உங்க பக்கம் வைங்க. அப்புறம், கட்டத்துல என்ன வந்தாலும் வெறும் எழுத்தா மட்டும் பாருங்க, கட்டளையா எடுத்துக்காதீங்க. உங்க கம்ப்யூட்டரைக் குடுங்க, நானே அடைச்சுத் தரேன்.”

டைரக்டருக்கே விட்டுக்கொடுக்காத நாற்காலியில் இருந்து அவன் எழுந்தான். கடவுச்சொல்லை அடித்துத் திறந்து கொடுத்தான். போதாதென்று அவளுக்கு டீ வாங்கிவரத் தானே கிளம்பினான்.

“சல்லடை சார் கையால டீயா? எனக்கெல்லாம் குடுத்து வைக்கல!” என்றாள் வரவேற்புப் பெண்.

அவன் டீயோடு திரும்பியபோது ஓட்டை அடைபட்டிருந்தது. அவள் செய்த அதே வித்தையை அவனும் செய்து பார்த்தான். தளம் அசைந்து கொடுக்கவில்லை. விதவிதமாக எழுதிப் பார்த்தும் ஒரு பெயர்கூடக் கசியவில்லை. அப்பாடா என்று இருந்தது. தங்கைக்குப் போன் போட்டு, “நீ நிம்மதியா இரும்மா” என்று மட்டும் சொல்லி வைத்தான்.

அவள் அவனுடைய கம்ப்யூட்டரில் இருந்து பென் டிரைவை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “அறிக்கை எழுதறதுக்குக் கொஞ்சம் எடுத்திருக்கேன் சார்.”

வேறு நாளாக இருந்தால் குடைந்து எடுத்திருப்பான். இன்று லிஃப்ட் வரைக்கும் கூடப் போய், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தான்.

டீ கிளாஸைக்கூட இன்னும் எடுத்திருக்கவில்லை. தோளில் பையோடு ஓர் ஆள் மூச்சிரைக்க வந்து நின்றான்.

“மன்னிச்சுக்குங்க சார், வழியில வண்டி மக்கர் பண்ணிடுச்சு. உங்க டைரக்டர் வரச் சொன்ன ஆள் நான்தான். சைட்டைச் சோதிக்க.”

“உங்க கம்பெனி மேடம் இப்பத்தானே வந்துட்டுப் போனாங்க?”

“மேடமா? எங்க கம்பெனியே நானும் என் தம்பியும்தான் சார்.”

சல்லடைக்குத் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு அழுதது கண் முன்னால் வந்து நின்றது. லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தான். சல்லடை தன்னை நம்பவில்லை என்று நினைத்த அந்த ஆள், சட்டைப் பையில் இருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான்.

“சந்தேகமா இருந்தா, இதுல இருக்குற நம்பருக்குப் போன் பண்ணிக் கேட்டுக்குங்க சார்.”