நிற்காத இன்ஜின்

வாதம் தாக்கியபின் என் கணவர் ஞானமுத்துவுக்குக் கண்கள் மட்டுமே அசைகின்றன. அவர் முன்பு மேசைமேல் அமைத்த சிறிய ரயில்பாதையைக் கட்டிலருகே நகர்த்தி வைத்திருக்கிறேன். காலையில் ரயிலை ஓடவிட்டுப் பணிக்குச் செல்வேன். மாலையில் திரும்பும்போது, பழைய நீராவி இன்ஜின் பாதையிலுள்ள பொம்மைக் குகைக்குள் நின்றிருக்கும். அவர் பார்வை குகை வாயிலிலேயே பதிந்திருக்கும்.

பொம்மை ரயில் விற்கும் கடைக்காரரிடம் தயங்கியபடி கேட்டேன்: "தப்பா நினைக்காதீங்க, வீட்டுல இருக்கற குட்டி நீராவி இன்ஜின் அடிக்கடி நின்னுடுது. நடுவுல நிக்காத இன்ஜினா ஒண்ணு வேணும்."

"அந்தக் குட்டி இன்ஜினெல்லாம் அழகுக்குத்தாம்மா. இதை எடுத்துக்குங்க. ஆறு சக்கரமும் கரண்ட் எடுக்கும், தூசி இருந்தாலும் ஓடும். நீங்களா நிறுத்தினாத்தான் உண்டு. பையனுக்கா?"

மறுத்துக் கூறத் துணிவின்றி, ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை புது இன்ஜினை ஓடவிட்டுச் சென்றேன். மாலையில், கதவைத் திறக்கும்போதே சக்கரங்களின் ஓசை கேட்டது. மகிழ்ச்சியுடன் உள்ளே விரைந்தேன். ரயில் குகைக்குள் புகுந்து வெளிவந்து, மீண்டும் புகுந்தது. அவர் கண்களை இறுக மூடியிருந்தார். இமையோரங்கள் நனைந்திருந்தன. நிறுத்தும் பொத்தான் அவர் கையிலிருந்து நான்கு விரற்கடை தொலைவில்தான் இருந்தது.