அளக்கும் கை

வில்லியனூர்த் திடலில் ஞாயிறு மாலை வெயில் சாய்கிறது. பெத்தாங் குண்டாட்டத்தின் இறுதிச் சுற்று, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சின்ன மரக்குண்டுக்கு அருகில் யாருடைய இரும்புக் குண்டு நிற்கிறதோ அவர்களுக்குப் பதின்மூன்றாவது புள்ளியும் கோப்பையும். அதன் இருபுறமும் அணிக்கு ஒரு குண்டு நிற்கிறது. எது அருகில் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கடைசியாக வீசியவர்தான் அளக்க வேண்டும். அளக்கும்போது குண்டை அசைத்துவிட்டால் புள்ளி எதிரணிக்கு. அதனால்தான் கடைசிக் குண்டை வீசிய உஷாராணி டேப்பை வாங்கத் தயங்குகிறாள். மூன்று வருடமாக இறுதிச் சுற்றில் தோற்றவள். "அளம்மா, இன்னா பயமா?" என்று எதிரணிப் புகழ்வேந்தன் சீண்டுகிறான். "நீ மூச்சு வுடாம இருண்ணா, அது போதும்." அவள் மண்டியிடுகிறாள். அவன் குண்டுக்கு முப்பத்திரண்டு சென்டிமீட்டர். டேப்பை மெல்லத் தன் குண்டின் பக்கம் திருப்பி நீட்டுகிறாள். முப்பத்தொன்றரை. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த கூட்டாளி பாக்யராஜ் துள்ளுகிறான். "கெலிச்சிட்டோம்க்கா!" கைதட்டல் எழுகிறது. உஷாராணி எழவில்லை. அவளுடைய குண்டு சற்று உருண்டிருக்கிறது; அது முன்பு பதிந்திருந்த மண்ணில் நகக்கீற்றளவு பள்ளம் தெரிகிறது. வேறு யாரும் குனியவில்லை. "கத்தாதடா பாக்யா," என்கிறாள், "என் வெரல் பட்டு நவுந்துடுச்சி. புள்ளி அவங்களுக்கு."