பதினோரு நிமிடம்

காலை ஏழு மணிக்கு ட்ரோன் கிளம்பினால் குடியிருப்பில் எந்தக் கருவியும் சிக்னல் விடக் கூடாது. பதினோரு நிமிடம் அது ரேடியோ தொலைநோக்கிக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பறக்கும். எங்கள் ஆன்டெனா வானத்தை எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பது திரையில் ஒரு கோடாக விழும். அதை, கணக்குப்படி வரவேண்டிய கோட்டோடு ஒப்பிடுவது என் வேலை. ஆறு வருஷத்தில் இரண்டும் ஒருநாள்கூடப் பொருந்தித் தொலைக்கவில்லை.

என் கணவர் டென்னிசனின் நெஞ்சில் இருக்கும் இதயக் கண்காணிப்புக் கருவியையும் அப்போது அணைத்துவிடுவார்கள். அதனால் அவர் வீட்டில் உட்கார்ந்து, தன் நாடியைத் தானே பிடித்து, கம்பி போனில் எனக்குக் கேட்கும்படி எண்ணிக்கொண்டே இருப்பார்.

இன்று எழுநூற்று நாற்பதில் எண்ணிக்கை நின்றது. திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டிருந்தன. அது எனக்கு உறைக்கவே இல்லை.

"ஏங்க? ஏங்க, பேசுங்க!"

"இருக்கேன்மா. எண்ணித்தான் அலுத்துப்போச்சு."

பின்னால் தலைமை விஞ்ஞானி கைதட்டினார். "பொருந்திடுச்சு ஷீபா! எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடுவோம்."

நான் போனை வாயருகே கொண்டுபோனேன்.

"ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க" என்றேன்.