கருப்பம்மாளின் மறதி

"ஏ கருப்பு! மாத்திரை போட்டியா இல்லையா?"

பொன்னுத்துரை போட்ட சத்தம் தெரு முனை வரை கேட்டது. வெங்காய மண்டியில் ஏலம் கூறுகிற தொண்டை, கேட்கவா வேண்டும்!

"அய்யய்யோ, மறந்தே போச்சுங்க!" அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"தினமும் இதே பாட்டுதானா? இட்லி திங்க மட்டும் மறக்குதா உனக்கு?"

பழனியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்த மகள் தீபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே?

"ஏம்மா, அப்பாவுக்கு டியூப் விட்டுப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு? உணவுக்குழாய் உள்ள மாறியிருக்கு, அப்படியே விட்டா புற்றுநோய் வந்தாலும் வரலாம், தினம் மாத்திரை போட்டா அந்த ஆபத்து குறையும்னாருல்ல? எனக்கும் அதேதான்னு போன்ல நீதான சொன்ன! இப்ப இம்புட்டு அலட்சியமா இருக்க!"

"நல்லாக் கேளு தாயி. நான் ஒருநாள் விட்டிருப்பேனா? சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி டாண்ணு போட்டுருவேன்."

சொல்லிக்கொண்டே தன் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். கருப்பம்மாளும் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"போட்டுட்டேன், போதுமா?"

"நாளைக்கும் மறந்த, தெரியும் சேதி!" துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

தீபா விடவில்லை. "இனிமே உன் மாத்திரை என் பொறுப்பு. குடு அதை!"

பிடுங்கித் திறந்தாள். உள்ளே குட்டிக் குட்டியாய் வெள்ளை உருண்டைகள். சந்தேகத்தோடு ஒன்றை நாக்கில் வைத்தாள். இனித்தது.

"சீரக மிட்டாய்!"

"ஸ்ஸ்... மெதுவாடி!" அம்மா குளியலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒரு நோயும் இல்ல. நெஞ்செரிச்சல் நின்னதும் உங்கப்பா மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுட்டாரு. நல்லாத்தான இருக்கேன், எதுக்குன்னாரு. கெஞ்சினேன், அழுதேன், சண்டை போட்டேன். ம்ஹூம்! எனக்கும் அதே நோவுன்னு ஒரு பொய் சொன்னேன் பாரு, மறுநாளே ரெண்டு பேரும் சேந்து போடுவோம் வான்னு வந்து நின்னாரு."

"சரி, அதுக்கு ஏம்மா தினமும் மறந்த மாதிரி நடிச்சு ஏச்சு வாங்குற?"

கருப்பம்மாள் சிரித்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"அவருக்குன்னா மறந்துருவாருடி. எனக்குன்னா மறக்க மாட்டாரு."